பிராண ஓட்டம் நிஜமா? அம்மாவின் சர்க்கரை 287

சோமனூர்_தறிக்காரன்:
அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தொடாமல் உடம்புக்கு மேலே கையை வீசி, "பிராண ஓட்டம் அடைச்சிருக்கு, திறந்து விடறேன்" என்று வாரம் ஐநூறு வாங்குகிறார். உடம்பு லேசாக இருக்கிறதாம், மூன்றாவது வாரமே அம்மா யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைப் பாதியாக்கி விட்டார். போன வாரம் வெறும் வயிற்றில் பார்த்தால் 287. அந்த ஆளைக் கேட்டால் நச்சு வெளியேறுகிறதாம்! இந்த உயிர்சக்தி என்பது நிஜமா, கதையா?

பல்லடம்_லேப்:
முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்க. விட்ட மாத்திரையை எல்லாம் சேர்த்து ஒரே நாளில் போட்டு விடாதீர்கள், மூன்று மாதச் சராசரி காட்டும் டெஸ்டும் எடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். என்னைக் கேட்டால் கதைதான்.

ஆழியாத்துக்காரி:
எடுத்த எடுப்பிலேயே கதை என்றால் எப்படிங்க? 14 வருஷமாக மனவளக்கலை யோகா செய்கிறேன். உயிர்சக்தியை ஜீவகாந்தம் என்று சொல்லி அந்தக் கலையைக் கற்றுக்கொடுத்த வேதாத்திரி மகரிஷியும் கூடுவாஞ்சேரியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான், சோமனூர் அண்ணாவுக்குச் சொல்கிறேன். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சு, மகராசனம் எல்லாம் நாமே செய்ய வேண்டியது. என் வகுப்பில் ஒருநாளும் மாத்திரையை நிறுத்தச் சொன்னதில்லை. இரண்டு உள்ளங்கையையும் எதிரெதிரே பிடித்தால் நடுவே பந்து மாதிரி ஒன்று தெரியும், சூடு வரும். அது பொய்யா?

பல்லடம்_லேப்:
சூடு பொய்யில்லை. உடம்பு தளர்ந்தால் விரல் நுனியில் ரத்தக்குழாய் விரியும், அதனால் வருவது. சக்தி தெரிகிறதா என்று சோதித்துப் பார்த்ததும் உண்டு. அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, கை வீசி வைத்தியம் செய்கிற 21 பேரை அட்டைக்குப் பின்னால் இரண்டு கையையும் நீட்டச் சொன்னாள். காசு சுண்டிப் பார்த்து ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடித்தாள். எந்தக் கை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 280 தடவையில் சரியாகச் சொன்னது 123. கண்ணை மூடிக்கொண்டு அடித்து விட்டிருந்தாலே 140 வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே வந்தது.

ஆழியாத்துக்காரி:
அது அடுத்தவர் மேல் கை வீசுகிறவர்களுக்கு. நான் என் மூச்சைப் பற்றிப் பேசுகிறேன். எனக்கு ராத்திரித் தூக்கம் திரும்பக் கிடைத்தது இதில்தான்.

பல்லடம்_லேப்:
கிடைத்திருக்கும், நான் மறுக்கவே இல்லையே. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு நிதானமாக இழுத்து விட்டால், மூச்சு வெளியே போகும்போதெல்லாம் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கும்.

ஆழியாத்துக்காரி:
அதைத்தானே நாங்கள் பிராணன் என்கிறோம்! நீங்கள் நரம்பு என்றால் அறிவியல், நாங்கள் சொன்னால் கதையா?

பல்லடம்_லேப்:
பெயரில் சண்டை இல்லைங்க. நரம்பை வெட்டினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம், ரத்த ஓட்டத்தை அளக்கலாம். நீங்கள் சொல்லும் ஓட்டம் அடைத்திருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அளக்க முடியாததை அடைப்பு என்று சொல்லித்தான் ஒருத்தர் ஐநூறு வாங்குகிறார்.

சென்னிமலை_அப்பாரு:
குறுக்கே வருகிறேன் கண்ணுகளா. எங்கள் அப்பா நாடி பார்த்தவர். சித்த வைத்தியத்தில் பிராணன், அபானன் என்று பத்து வாயு. மலத்தைக் கீழே தள்ளுவது அபானன், கொட்டாவிக்குத் தேவதத்தன், செத்த பிறகும் உடம்பில் தங்கி வீங்க வைப்பது தனஞ்செயன். வேலைக்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வாய்க்காலில் மடை திறந்து விடுகிற மாதிரி ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தருக்குப் பாய்ச்சுகிற சமாச்சாரம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கொட்டாவியை ஐநூறு ரூபாய்க்கு யார் விற்பார்கள்? ஆனால் பல்லடம் தம்பி, அளவுகோல் இல்லாததெல்லாம் பொய் என்றும் முடித்து விடாதே, நாடியில் விரல் வைத்தே அவர் காய்ச்சலைச் சொல்லுவார்.

பல்லடம்_லேப்:
அப்பாரு, நாடித்துடிப்பு அளக்கக்கூடியதுதானுங்க.

சோமனூர்_தறிக்காரன்:
டாக்டர் மாத்திரையைப் பழைய அளவுக்கே ஏற்றி விட்டார், இன்றைக்கு 190. ஆனால் அந்த ஆளுக்குப் பத்து வாரத்துப் பணத்தை அம்மா முன்கூட்டியே கொடுத்தாயிற்றாம், மீதி நாலு வாரத்தை விடமாட்டேன் என்கிறார். அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். கயிற்றில் போர்வையைக் கட்டி, அந்தச் சிறுமி மாதிரிப் பார்த்து விடலாம் என்றிருக்கிறேன்.

பல்லடம்_லேப்:
பத்து தடவையோடு நிறுத்தி விடாதீர்கள், குருட்டாம்போக்கில் ஏழு கூட வந்துவிடலாம். குறைந்தது ஐம்பது தடவை வேண்டும். எந்தக் கை என்பதைக் காசு சுண்டித்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களாக யோசித்து வைக்கக்கூடாது.

ஆழியாத்துக்காரி:
சோமனூர் அண்ணா, எத்தனை மணிக்கு? பொள்ளாச்சியில் பஸ் ஏறி வந்து விடுகிறேன். அவர் முடித்ததும் என் கையையும் போர்வைக்குப் பின்னால் நீட்டிப் பார்க்க வேண்டும்.