வீட்டுக்கு வாற பராமரிப்பு ஆள் வேலையை எப்படிச் சரிபாக்கீங்க?

அண்ணாச்சிமாரே, மதினிமாரே, ஒரு யோசனை சொல்லுங்க. பாளையங்கோட்டையில எங்க ஆச்சி பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா கெடக்கா. வயசு 84. ஏழெட்டு பேரை வச்சு நடத்துற ஒரு சின்ன ஏஜென்சி மூலமா பகல்ல ஒரு பிள்ளை வருது. குணம் தங்கம், அதைக் குறை சொல்லல.

போன ஞாயித்துக்கிழமை ஆச்சியப் புரட்டினா, இடுப்புக்குக் கீழ ஒரு ரூவா அகலத்துக்குச் செவந்து கெடக்கு. விரலால அமுக்கினாலும் வெளுக்கல. படுக்கைப்புண்ணு ஆரம்பம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நோட்டை எடுத்துப் பாத்தா ரெண்டு மணிக்கொருக்க புரட்டினதா வரிசையா டிக். மூணரை மணிக் கட்டத்துலயும் டிக் இருக்கு. அப்ப மணி ஒன்றரைதான்!

ஏஜென்சிக்காரர்ட்ட கேட்டா, "டிரெயினிங் குடுத்துதான் அனுப்புதோம்"ங்காரு. சர்டிபிகேட் கேட்டு நாலு நாளாச்சு, இன்னும் வரல. அந்தப் பிள்ளைக்கு மேல பாக்க நர்ஸ் யாரும் உண்டான்னா, அதுக்கும் பதில் இல்ல.

திடீர்னு போய்ப் பாக்கணுமா, கேமரா வைக்கணுமா? கேமரா எனக்கு மனசில்ல, ஆச்சிக்கு உடுப்பு மாத்துற ரூம் அது. மக்களைத் தேடி மருத்துவம் நர்ஸம்மாவ வச்சு வாரம் ஒருக்க முதுகைப் பாக்கச் சொன்னவங்க இருக்கீங்களா? முதியோர் உதவி எண் 14567-ல இந்த மாதிரி புகாரை எடுப்பாங்களா? ஆளை மாத்துறதுக்கு முன்னால ஏஜென்சிட்ட என்னென்ன எழுதி வாங்கணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.