மாதம் தவறாமல் வரும் தொண்டை வலி: காரணத்தை எப்படிக் கண்டறிவது?

கேள்வி: ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து எனக்கும் என் ஒன்பது வயது மகனுக்கும் தொண்டை வலி மாறி மாறி வந்துகொண்டேயிருக்கிறது. எனக்கு இதுவரை ஏழு முறை, அவனுக்கு நான்கு முறை. ஒவ்வொரு முறையும் மருந்துக் கடையில் சொல்லி எனக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் அவனுக்கு அதே மருந்தின் சிரப்பும் மூன்று நாளைக்கு வாங்கிவிடுகிறேன். அவனுக்கு இரண்டு நாளில் குறைந்துவிடுகிறது. எனக்கோ குறைந்ததுபோல் இருந்து, பத்து நாளில் திரும்பிவிடுகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறதா, குடிநீர் காரணமா, டான்சிலை எடுத்துவிட வேண்டுமா என்று ஒன்றும் விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்

வணக்கம் அம்மா. இருவருக்கும் ஒரே நோய் என்று நீங்கள் எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஏறக்குறைய ஒரு வாரத்தில் தாமாகவே அடங்கிவிடும், ஆன்டிபயாடிக்கால் அவற்றுக்குப் பயனில்லை. மருந்து தேவைப்படும் முக்கியமான கிருமி ‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அது இருக்கக்கூடுமா என்று கணிக்க, ராபர்ட் சென்டர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1981இல் நான்கு அடையாளங்களை முன்வைத்தனர்: காய்ச்சல், டான்சிலின் மேல் வெண்படலம், கழுத்தின் முன்புறம் தொட்டால் வலிக்கும் நெறிகட்டு, இருமல் இல்லாமை. இவை கூடக் கூடச் சந்தேகமும் கூடும். ஆயினும் உறுதிப்படுத்துவது தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து, கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைதான். முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே மாதிரியை எடுக்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டுவிட்டு ஆய்வகத்துக்கு வந்து, ‘கிருமி இல்லை’ என்ற முடிவை நம்பித் திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகனின் விஷயத்தை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். 5 முதல் 15 வயது வரையில்தான் இக்கிருமித் தொற்று அதிகம். சரியாகச் சிகிச்சை பெறாத சிலருக்கு இரண்டு, மூன்று வாரங்கள் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளைக் கெடுக்கக்கூடும். நம் நாட்டில் அது இன்னும் ஒழியவில்லை. இக்கிருமி பென்சிலினுக்கு இன்றுவரை கட்டுப்படுகிறது, அசித்ரோமைசினை எதிர்த்து நிற்கும் வகைகளோ உண்டு. எனவே பென்சிலின் ஒவ்வாமை இல்லாதவர்களுக்குப் பென்சிலினோ அமாக்ஸிசிலினோ பத்து நாள் தருவதுதான் வழக்கம். வலி இரண்டு நாளில் போய்விட்டாலும் நாள்கணக்கைக் குறைக்கக் கூடாது.

இப்போது சொல்லுங்கள்: உங்களுக்குக் காய்ச்சல் வருகிறதா? வலி எந்த நேரத்தில் அதிகம்? இரவு உணவு எத்தனை மணிக்கு?

கேட்டவர்:

ஐயா, மிக்க நன்றி. யோசித்துப் பார்த்தால், மகனுக்கு நான்கு முறையும் 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தது, கழுத்தில் நெறியும் கட்டியது. எனக்கு ஒருமுறைகூடக் காய்ச்சல் இல்லை. விடியற்காலையில் தொண்டை எரியும். வகுப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை செருமுகிறேன். மாலைக்குள் குரல் கம்மிவிடுகிறது. விடைத்தாள் திருத்தி முடித்து, பத்தரை மணிக்குச் சாப்பிட்டவுடன் படுத்துவிடுவேன்.

மறுமொழி: தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர்

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் இரண்டு ஆண்டு அவதி அப்படியே நினைவுக்கு வந்தது. எனக்கு அது இரைப்பை அமிலம் தொண்டை வரை எதுக்களிப்பதால் வந்த வலி. நெஞ்செரிச்சல் கொஞ்சமும் இல்லாததால் நான் அதை நம்பவே மறுத்தேன்; நெஞ்செரிச்சல் இல்லாமலேயே தொண்டையை மட்டும் பாதிக்கும் எதுக்களிப்பு உண்டு என்பதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் விளக்கினார். உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விட்டதும், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தியதும் எனக்கு மாத்திரையைவிட அதிகம் உதவின. ஆனால் மூக்கு ஒவ்வாமையால் சளி பின்தொண்டையில் இறங்கினாலும், வாயால் மூச்சுவிட்டுத் தூங்கினாலும், ஓயாமல் உரக்கப் பேசினாலும் இதே தொல்லை வரும். ஆகவே நீங்களாகவே முடிவு செய்யாமல் குழாய்க் கேமராவால் குரல்வளையைப் பார்க்கச் சொல்லுங்கள். குரல் கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினாலோ, ஒரு பக்கம் மட்டும் வலித்தாலோ, கழுத்தில் கட்டி தென்பட்டாலோ, எச்சிலில் இரத்தம் வந்தாலோ அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. வாயைத் திறக்க முடியாமை, எச்சிலை விழுங்க முடியாமல் வழிதல், மூச்சுத்திணறல் ஆகியவை உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்.

கேட்டவர், ஏழு வாரங்களுக்குப் பின்:

இருவருக்கும் நன்றி சொல்ல வந்தேன். மகனுக்கு அடுத்த காய்ச்சல் வந்த அன்றே, மருந்து தருமுன் மாதிரி எடுத்தோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று உறுதியானது. அமாக்ஸிசிலினைப் பத்து நாளும் விடாமல் கொடுத்தேன். என் கல்ச்சரில் கிருமி இல்லை. கேமராவில் பார்த்த மருத்துவர், குரல்வளையின் பின்பகுதி வீங்கிச் சிவந்திருப்பதையும் என் பழக்கங்களையும் சேர்த்துப் பார்த்து, எதுக்களிப்பாகவே இருக்கும் என்றார். இப்போது ஏழரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு அதன் பிறகே விடைத்தாளை எடுக்கிறேன். விடியற்காலை எரிச்சல் ஏறக்குறைய நின்றுவிட்டது. செருமல் மட்டும் பாதியளவு மிச்சமிருக்கிறது.

டான்சில் அறுவை பற்றியும் கேட்டேன். காய்ச்சல், நெறிகட்டு போன்ற அடையாளங்களோடு ஓர் ஆண்டில் ஏழு முறையோ, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு ஐந்து முறையோ, மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு மூன்று முறையோ வந்தால்தான் அதைப் பரிசீலிப்பார்களாம். நான் எண்ணிவைத்த என்னுடைய ஏழும் அந்தக் கணக்கில் சேராது. மகனுக்கு இப்போது ஐந்து. சமையலறை நாட்காட்டியில் அவனுடைய காய்ச்சல் நாள்களைக் குறித்து வருகிறேன், ஜூன் மாதம் அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்.