ஓரமாகப் போனாலும் உரசுகிறார்கள், சைக்கிளை எங்கேதான் ஓட்டுவது?

அடையாறுவாசி:
அடையாறிலிருந்து கிண்டிக்கு சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. ‘ஓரமாப் போ’ என்று கேட்டே வளர்ந்தவன், இடது விளிம்பை விட்டு நகர மாட்டேன். மணல், வடிகால் மூடி, தேங்கிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. நேற்று ஒரு ஷேர் ஆட்டோ கண்ணாடி வலது முழங்கையில் தட்டியது. மத்திய கைலாஷ் சந்திப்பில் நான் நேராகப் போக, என்னை முந்திய கார் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் இடதுபுறம் வெட்டியது. நடைபாதைக் கல்லில் காலை ஊன்றித் தப்பித்தேன். சாலைக்கு உள்ளே தள்ளி வந்தால் ஹாரன். என்ன செய்வது?

பழைய கேரியர்:
தம்பி, விளிம்பை ஒட்டிப் போனால் ‘உரசாமல் நுழைந்துவிடலாம்’ என்று பின்னால் வருகிறவருக்குத் தோன்றும். ஓரத்திலிருந்து இரண்டரை, மூன்று அடி தள்ளி நேர்கோட்டில் ஓட்டுங்கள். குழி வந்தால் இடதுபக்கம் ஒதுங்கவும் இடம் இருக்கும். நிறுத்திய கார்களின் கதவு எல்லாம் திறந்தே இருப்பதாக நினைத்துக்கொண்டு தள்ளிப் போங்கள். நிறுத்திய கார் இல்லாத இடத்தில் ஓரத்துக்குப் புகுந்து, அடுத்த கார் வந்ததும் வெளியே வருவதுதான் ஆபத்து.

சந்திப்புக்கு முன்னாலேயே வலது தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் கையைக் காட்டிவிட்டு, நேராகப் போகும் தடத்தின் நடுவுக்கு வாருங்கள். சந்திப்பைத் தாண்டியதும் பழைய இடத்துக்குத் திரும்பலாம். திரும்பும் உங்கள் முகத்தைப் பார்த்தால் பாதிப் பேர் வேகத்தைக் குறைப்பார்கள். ஹேண்டில்பாரில் கண்ணாடி மாட்டினாலும் தலையைத் திருப்புவதை விடாதீர்கள்.

கிண்டி ரயிலடி:
எல்லாம் சரி, ஆனால் சர்தார் படேல் சாலையில் வண்டிகள் வேகமாகப் போகும் நேரத்தில் தடத்தின் நடுவில் போக எனக்குத் தைரியம் வராது. காந்தி நகர், கோட்டூர்புரம் நூலகம் பக்கமாகச் சுற்றி வந்தால் அந்தச் சந்திப்பே வேண்டாம். கொஞ்சம் தூரம் கூடும், அவ்வளவுதான்.

அடையாறுவாசி:
இன்று மூன்றடி தள்ளி ஓட்டினேன். முதல் பத்து நிமிடம் முதுகு கூசியது. ஒரு ஆட்டோக்காரர் ‘இன்னா சார், ரோடு ஒங்களுதா?’ என்றார், ஆனால் வலதுபக்கம் நன்றாக விலகித்தான் போனார். ஒன்று மட்டும் புரியவில்லை. ஐஐடி நிறுத்தத்தில் பஸ் நிற்கும்போது அதன் இடதுபக்க இடைவெளியில் நுழையலாமா?

பழைய கேரியர்:
கூடவே கூடாது. பஸ் ஓரம் கட்டாமல் நடுவில் நின்றால், இறங்குகிறவர் உங்கள் ஹேண்டில்பார் மேல்தான் குதிப்பார். பஸ் இடதுபக்கம் ஒதுங்கினால் நீங்கள் நடைபாதைக்கும் பஸ்ஸுக்கும் நடுவில். ஓட்டுநருக்கு அந்த மூலை சரியாகத் தெரியாது. பின்னாலேயே கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் தெரிகிற அளவுக்கு. பஸ் கிளம்பியதும் நீங்களும் கிளம்புங்கள்.

அடையாறுவாசி:
சரிங்கண்ணா. நாளைக்கு கோட்டூர்புரம் வழியையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.