பொருள்: ‘ஸ்டாப்பேஜ்’ என்பதற்குச் சொல் வேண்டும், புதன்கிழமைக்குள்

தண்டையார்பேட்டையிலிருந்து:

மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம். படைகள் கைத்துப்பாக்கியை எப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுக்கின்றன என்று ஒரு மாத இதழுக்கு எழுதுகிறேன். புதனன்று அச்சுக்குப் போகிறது. ‘ரிலையபிலிட்டி’க்கு நம்பகத்தன்மை என்று போட்டுவிட்டேன். ‘ஸ்டாப்பேஜ்’, ‘ஃபெயிலியர்’ இரண்டும்தான் நகரவிடவில்லை.

சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழாமல், புகைபோக்கி மாதிரி திறப்பில் நட்டுக்கொண்டு நிற்கும். சுடுபவரே மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து விட்டால் கூடு தெறித்துவிடும், மறுபடி சுடலாம். இது முதல் வகை. உறுப்பு உடைந்து பட்டறைக்குப் போனால் இரண்டாவது. சோதனையில் இரண்டையும் தனித்தனியே எண்ணுகிறார்கள். இரண்டையும் ‘கோளாறு’ என்று எழுதினால் கணக்கே பாழ்.

1911 மார்ச்சில் அமெரிக்கப் படை கோல்ட், சாவேஜ் என்ற இரு நிறுவனங்களின் கைத்துப்பாக்கிகளிலும் தலா 6000 தோட்டா சுட்டுப் பார்த்தது. சாவேஜ் 37 முறை தகராறு செய்தது, கோல்ட் ஒருமுறைகூட இல்லை. அந்த மாதமே கோல்ட் தேர்வானது.

என் பரிந்துரை: ஸ்டாப்பேஜுக்குச் சிக்கு, ஃபெயிலியருக்கு முறிவு. எம்.சி. ரோட்டுத் தையல்காரர் நூல் சிக்கினால் சக்கரத்தைக் கையால் பின்னுக்குத் திருப்பி எடுத்துவிடுகிறார். ஊசி முறிந்தால்தான் வேலை நிற்கிறது.

பெரம்பூரிலிருந்து:

தம்பி, ‘நம்பகத்தன்மை’யை அவ்வளவு எளிதாகக் கடக்க வேண்டாம். ‘நம்பும் மேவும் நசையாகும்மே’ என்பது தொல்காப்பிய உரியியல். அங்கே நம்பு என்றால் விருப்பம். வீரன் துப்பாக்கியை விரும்பவா வேண்டும்? ‘உறுதிப்பாடு’ என்க. துப்பாக்கியே துருக்கிச் சொல்லின் வழி வந்தது. பன்னிரண்டாம் குறளின் ‘துப்பாக்கி’ உணவை உண்டாக்குவது, ஆயுதமன்று. மாணவர்கள் இன்றும் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்டாப்பேஜுக்கு ‘இயங்குதடை’ என்பேன்.

காசிமேட்டிலிருந்து:

ஐயா, இயங்குதடைன்னா ஏதோ அரசாணை மாதிரி இருக்கு. நடுக்கடல்ல இன்ஜின் நின்னா நாங்க சொல்றது ‘மக்கர்’. கையாலயே சரிபண்ணிக் கரைக்கு வந்துடுவோம். பட்டறைக்குப் போனா ‘படுத்துருச்சு’. நீங்க கேக்குற ரெண்டு வகையும் எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு.

பெரம்பூரிலிருந்து:

மக்கர் உருது வழி வந்தது. கலைச்சொல்லுக்கு ஆகாது. மற்றொருவர் தனிமடலில் சொன்ன ‘திக்கல்’ எவ்வளவோ மேல்.

கொடுங்கையூரிலிருந்து:

‘திக்கல்’ வேண்டாம் ஐயா. என் வகுப்பில் திக்கிப் பேசும் பிள்ளை ஒருவன் இருக்கிறான். வாசிக்க எழுந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான், மற்றவர்கள் காத்திருப்பார்கள். இயந்திரக் குறைக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டு அவனை நான் எப்படிப் பார்ப்பேன்?

சிக்கு எனக்குச் சம்மதம். பழைய எண்ணெயும் கரியும் சேர்ந்து பிசுபிசுத்தாலும் துப்பாக்கி மாட்டிக்கொள்ளும் என்கிறார்கள். எண்ணெய்ச் சிக்கு என்று அதையும்தானே சொல்கிறோம்?

தண்டையார்பேட்டையிலிருந்து:

நன்றி அக்கா, அந்த எண்ணெய்ச் சிக்கு எனக்குத் தோன்றவே இல்லை. ‘திக்கல்’லை எடுத்துவிட்டேன். ‘மக்கர்’ மனசுக்குப் பிடித்த சொல்தான் அண்ணே. ஆனால் பல வீடுகளில் மிக்ஸி எரிந்துபோனாலும் மக்கர்தான். அந்த வேறுபாடு நிற்காது. இதுவரை நால்வர் சிக்கு, இருவர் மக்கர், ஒருவர் இயங்குதடை. ‘இரு சிக்குகளுக்கு இடைப்பட்ட சராசரித் தோட்டா எண்ணிக்கை’ என்று அனுப்பிவிடுகிறேன்.

பெரம்பூரிலிருந்து:

அனுப்புங்கள். என் மறுப்பும் மடலில் இருக்கட்டும்: சிக்கு சீப்புக்குரிய சொல். தோட்டாவும் உருதுதான், அதை நாளை எழுதுகிறேன்.