காசுக் குற்றிகளை அடுக்கி வரியோடும் மோதிரம் செய்வது எப்படி?

ஹட்டன் பிட்டர் கேட்கிறார்:

வணக்கம். அமெரிக்கக் கால் டொலர் குற்றிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சூடேற்றி, ஒரே கட்டியாக்கி, பலகையில் தெரிவதுபோல வரியோடும் மோதிரம் செய்பவர்களின் காணொளிகளை அண்மையில் பார்த்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்வதால் உலை, சம்மட்டி, கடைசல் இயந்திரம் எல்லாம் எனக்குப் பழக்கமானவை. நம் நாட்டு ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் குற்றிகளில் இதைச் செய்ய முடியுமா? தேயிலை மிலாறு (கவ்வாத்தில் வெட்டிய கிளைகள்) இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. அந்தத் தணல் போதுமா?

பதுளைப் பத்தர்:

தம்பி, நம் குற்றிகளில் இது வராது. 2017 வரிசையில் வந்தவை துருப்பிடிக்காத எஃகு. அதற்கு முந்திய பத்து ரூபாய், எஃகின்மேல் நிக்கல் முலாம் பூசியது. துருப்பிடிக்காத எஃகின் மேற்பரப்பில் உள்ள குரோமிய ஒட்சைட்டுப் படலம் ஒட்ட விடாது. அப்படியே ஒட்டினாலும் எல்லாம் ஒரே நிறம் என்பதால் வரி எங்கிருந்து தெரியும்?

கால் டொலரின் சிறப்பே அதன் உட்புறத்தில்தான் இருக்கிறது. 1965 முதல் அது நடுவில் சுத்தமான செம்பும், இரு பக்கமும் 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல் கலந்த வெண்ணிறத் தகடுமாக, மூன்று படைகளாகவே அச்சிடப்படுகிறது. பத்துக் குற்றிகளை அடுக்கினால், ஒன்றோடொன்று தொடும் வெண்படைகள் இணைந்துவிடுவதால், 21 படைகள் கொண்ட, ஏறத்தாழ பதினேழரை மில்லிமீற்றர் உயரமான அடுக்கு கிடைக்கும்.

இந்தக் கலை ஜப்பானின் அக்கித்தா பகுதியைச் சேர்ந்த ஷோஆமி தென்பெய் என்ற வாள் அலங்காரக் கைவினைஞர் 17ஆம் நூற்றாண்டில் உருவாக்கியது; அங்கே அதன் பெயர் மொக்குமே கானே. செம்பையும் வெள்ளியையும் சேர்த்துச் செய்ய முயன்றால், தொடும் இடம் 779 பாகை செல்சியஸிலேயே உருகத் தொடங்கி முழு அடுக்கும் வழிந்துவிடும் அபாயம் உண்டு. செம்பும் நிக்கலும் எந்த அளவிலும் ஒன்றோடொன்று கலப்பவை என்பதால் அந்த வம்பு இல்லை. கற்றுக்கொள்பவருக்கு இந்தச் சோடிதான் ஏற்றது.

நுவரெலியா உலை:

செய்முறையை நான் சொல்கிறேன். குற்றிகளின் இருபுறத்தையும் உப்புத்தாளில் தேய்த்து, முகமும் எழுத்தும் மறைந்து பரப்பு தட்டையாகும்வரை விடாதீர்கள்; ஒரு பள்ளம் மிஞ்சினாலும் அது பின்னர் கொப்புளமாக எழும். பிறகு எண்ணெய்ப் பசை போகக் கழுவுங்கள், வெறும் விரலால் தொடாதீர்கள். இரண்டு தடித்த எஃகுத் தகடுகளுக்கு நடுவில் அடுக்கை வைத்து நான்கு போல்ட்டுகளால் இறுக்குங்கள். தகட்டின் உட்புறத்தில் களிமண் குழம்பு பூசினால் அது குற்றியோடு ஒட்டாது. நாகமுலாம் (துத்தநாக முலாம்) பூசிய போல்ட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

மிலாறு சீக்கிரம் எரிந்து சாம்பலாகிவிடும். அதை அடுப்பு மூட்டப் பயன்படுத்துங்கள். சிரட்டைக் கரியும் ஊதுகாற்றும் வேண்டும். இங்குள்ள ஈரப்பதத்தில் கரி நமுத்துப்போவதால் முதல் நாளே காய வைத்துக்கொள்வது நல்லது. அடுக்கைக் கரிக்குள் புதைத்தால் காற்றுப்படாமல் ஒட்சைட்டு உண்டாவது குறையும். செம்பு 1085 பாகையில் உருகும். அதற்குச் சற்றுக் கீழே, பிரகாசமான செம்மஞ்சள் நிறத்தில், விளிம்பில் மெல்லிய மினுமினுப்பு ஓடும். அந்தக் கணத்தில் வெளியே எடுத்து, சூடு தணியுமுன் தகட்டின்மேல் சம்மட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். பலமாக அடித்தால் படை வழுக்கிப் பிரியும். வெயிலில் நிறம் தெரியாது. காற்றோட்டமுள்ள, நிழலான இடத்தில் வேலை செய்யுங்கள். பிறகு தானாக ஆற விடுங்கள், தண்ணீரில் போடாதீர்கள்.

ஒட்டியதும் வரி தெரியாது. மேல்பக்கம் முழுவதும் வெண்ணிறமாகவே இருக்கும். துளைக்கருவியால் ஆங்காங்கே ஆழமற்ற குழிகள் போட்டு, அரத்தால் கீறல்கள் இட்டு, மீண்டும் தட்டித் தட்டையாக்கும்போதுதான் கீழ்ப்படைகள் மேலே ஏறிக் கண்ணும் வளையமுமாக விரியும். இடையிடையே மங்கலான செந்நிறத்துக்குச் சூடாக்கிப் பதம் தளர்த்தாவிட்டால் ஓரம் வெடிக்கும்.

ஹட்டன் பிட்டர்:

மிக்க நன்றி. நிற வேறுபாட்டை எப்படித் துலக்குவது? செப்புத் தகட்டோடு பழைய ஒரு ரூபாய்க் குற்றிகளை மாறி மாறி அடுக்கினாலும் சரியாக வருமா?

பண்டாரவளை வாசகி:

எழுபதுகளில் வந்த ஒரு ரூபாய் செப்பு நிக்கல்தான், உலோகத்தைப் பொறுத்தவரை வேலை செய்யும். ஆனால் நம் நாட்டுக் காசை வெட்டுவதற்கோ உருக்குவதற்கோ முன், மத்திய வங்கியிடம் எழுத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். என்னைக் கேட்டால், செப்புத் தகடும் செப்பு நிக்கல் தகடும் வாங்கிப் பழகுவதே தலைவலியில்லாத வழி.

நிறத்துக்கு, இலத்திரனியல் கடைகளில் மின்சுற்றுப் பலகை அரிக்க விற்கும் பெரிக் குளோரைட்டுக் கரைசல் போதும். செம்பு சற்றுப் பள்ளமாகி வெண்படை மேடாக நிற்கும். கையுறை கட்டாயம். மோதிரத்தின் உட்புறத்தில் வெள்ளித் தகடு ஒன்றைப் பொருத்திவிடுங்கள், ஏனெனில் நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும், செம்பு விரலைப் பச்சையாக்கும்.