மறு: ‘பிளாக் டைம்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடைத்தொலைவையும் பயண நேரத்தையும் காட்டும் செயலியின் தமிழ் இடைமுகத்தை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி, இரண்டு கலைச்சொற்களுக்குத் தமிழ் கேட்டிருந்தேன். நாற்பது மடல்களுக்குப் பின்னும் அவற்றுக்கான இடங்கள் என் கோப்பில் நிரப்பப்படாமலே இருக்கின்றன.

முதலாவது ‘கிரேட் சர்க்கிள்’ தொலைவு, அதாவது பூமி உருண்டையின் மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தொலைவு. ‘மா’ என்றாலும் பெரிது என்றுதானே பொருள், ‘மாவட்டத் தொலைவு’ எனலாமே என்ற நண்பர், அச்சொல்லை ஆட்சியர் அலுவலகம் எப்போதோ எடுத்துக்கொண்டதை மறந்துவிட்டார். ‘பெருவட்டத் தொலைவு’ பிழையற்ற சொல்தான். ஆனால் வட்டம் என்று கண்டதும் பயனர் சுற்றுவழி என்றே எண்ணுவார். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே சுமார் 5,550 கிலோமீட்டர் என்பது மிகக் குறுகிய வழியின் அளவு. தட்டையான வரைபடத்தில் அதுவே வடக்கே வளைந்து தெரிகிறது. ‘வான்வழித் தொலைவு’ எளிமையானது என்றாலும், காற்றுக்கேற்ப விமானம் உண்மையில் செல்லும் நீண்ட பாதையையும் அது குறித்துவிடும் என்ற தடை நியாயமானது. எனவே, அரை மனத்துடன், பெருவட்டத்தையே வைத்துக்கொள்கிறேன்.

நடுவில், வானத்தில் பறப்பதை 1,852 மீட்டர் கொண்ட ‘கடல் மைலால்’ (நாட்டிக்கல் மைல்) ஏன் அளக்க வேண்டும் என்று தொடங்கிய இழை, கப்பலைக் குறிக்கும் நம் நாவாய்க்கும் அதே பொருள்கொண்ட இலத்தீன் ‘நாவிஸு’க்கும் உள்ள உறவில் போய் நின்றது. யார் யாருக்குக் கடன் கொடுத்தார் என்பது வெள்ளிக்கிழமைக்குள் தீராது.

இரண்டாவதான ‘பிளாக் டைம்’தான் தலைவலி. சக்கரங்களுக்கு அண்டை கொடுத்த கட்டையை எடுத்துப் புறப்பட்டதிலிருந்து, சேருமிடத்தில் நின்று மீண்டும் கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் அது. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவதும் அதில் அடக்கம். ஆகவே ‘பறப்பு நேரம்’ பொருந்தாது. அந்தக் கட்டைக்குத் தமிழில் முட்டுக்கட்டை என்றே பெயர் உண்டு. ஆனால் ‘முட்டுக்கட்டை நேரம்’ என்று திரையில் கண்டால் விமானம் தாமதம் என்று பயணி பதறுவார். ‘வலவன் ஏவா வான ஊர்தி’ (ஓட்டுபவர் இல்லாமலே செல்லும் வான ஊர்தி) என்ற புறநானூற்று அடியைக் காட்டித் தூய தமிழ் கோரிய ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நம் ஊர்தியில் வலவர் இருக்கிறார், பல நிறுவனங்களில் அவருடைய ஊதியமே இந்த நேரத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது, எனவே தூய்மையைவிடத் தெளிவே முதலில் வேண்டும்.

தேர் நிலைக்கு வந்தது என்கிறோமே, அந்த நிலையைக் கொண்டு ‘நிலைசேர் நேரம்’ என்று நான் முன்வைத்தேன். பெரும்பாலோர் களைத்துப்போய் ‘பயண நேரம்’ போதும் என்றுவிட்டார்கள். பொத்தானில் அதுவே வரும், என் சொல் உதவிக்குறிப்பில் ஒதுங்கிக்கொள்ளும். வினைத்தொகையாதலால் சேர்ந்த, சேர்கின்ற, சேரும் என முக்காலமும் அதில் அடங்கும் என்று வாதிட்டேன். அப்படியானால் புறப்பாடு எங்கே அடங்கியிருக்கிறது என்று நேற்றிரவு ஒருவர் கேட்டதற்கு இன்னும் மறுமொழி எழுதவில்லை.