விண்டோஸ் 98 கணினியில் டயல்-அப் மோடம்: பிழை 680 வருகிறது

பழங்கணினி:
வணக்கம். பென்டியம் 2 கணினி ஒன்றில் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பை நிறுவி, அதன் சீரியல் போர்ட்டில், தொலைபேசி வழியே கணினிகளை இணைக்கும் 56கே (நொடிக்கு 56,000 பிட்) வெளி மோடம் ஒன்றை இணைத்திருக்கிறேன். மோடத்தைக் கணினி அடையாளம் கண்டுகொள்கிறது. ஆனால் டயல் செய்யச் சொன்னால், டயல் டோன் இல்லை என்று பிழை 680 வருகிறது. அதே இணைப்பில் சாதாரணத் தொலைபேசியைச் செருகினால் டோன் தெளிவாகவே கேட்கிறது. எங்கள் வீட்டில் செம்புக் கம்பி இணைப்பை எடுத்துவிட்டு ஃபைபர் கொடுத்துவிட்டார்கள்; தொலைபேசி இப்போது ஃபைபர் பெட்டியிலிருந்துதான் வருகிறது. லினக்ஸ் மடிக்கணினியில் யூ.எஸ்.பி. மோடம் ஒன்றும் இருக்கிறது. உறவினர் வீட்டு எண்ணில் அதைப் பதிலளிக்க வைத்து, இங்கிருந்து அழைத்து இணைய வேண்டும் என்பதே என் நோக்கம். மோடம் பழுதாகியிருக்குமா?

செம்புக்கம்பி:
மோடத்தைக் குறை சொல்வதற்கு முன் கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள தொடர்பைத் தனியாகச் சோதித்துவிடுங்கள். மோடத்துக்கு நேரடியாகக் கட்டளை அனுப்ப உதவும் ஹைப்பர்டெர்மினல் நிரலைத் திறந்து, மோடம் உள்ள காம் போர்ட்டை (சீரியல் போர்ட்டை) தேர்ந்தெடுத்து, 'ஏடி' என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்தினால் 'ஓகே' என்று பதில் வர வேண்டும். அது வந்துவிட்டால் கேபிள், போர்ட் இரண்டிலும் குறையில்லை. மோடத்தின் பின்புறம் ஒரே மாதிரியான இரண்டு துளைகள் இருந்தால், சுவரிலிருந்து வரும் கம்பி 'லைன்' என்று எழுதிய துளையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவை சரியாக இருந்தும் 680 வருமானால், டோன் இருக்கிறது, மோடத்துக்கு அது புரியவில்லை என்று பொருள். அமெரிக்காவின் டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டும் கலந்தது. இந்தியாவில் 400 ஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டது. அங்கே விற்பதற்கென்று செய்த மோடங்கள் இங்கே தடுமாறுவது அந்தக் காலத்திலேயே வழக்கம்தான். கண்ட்ரோல் பேனலில் மோடத்தின் பண்புகளுக்குள் சென்று, கூடுதல் அமைப்புகள் கட்டத்தில் 'எக்ஸ்3' என்பதை ஆங்கிலத்தில் இடுங்கள். டோனுக்காகக் காத்திராமல் எண்ணைச் சுழற்றிவிடும்.

பழங்கணினி:
மிக்க நன்றி. 'ஓகே' வந்தது, எக்ஸ்3 இட்டதும் டயலும் ஆகிறது. மறுமுனை மோடம் எடுக்கிறது, இரண்டும் மாறி மாறிக் கீச்சிடுகின்றன, பிறகு 'நோ கேரியர்' (மறுமுனையின் சமிக்ஞை இல்லை) என்று அறுந்துவிடுகிறது.

முனையம்:
இனி உங்கள் சிக்கல் லைனில்தான் இருக்கிறது. ஃபைபர் பெட்டி குரலைச் சிறு பொட்டலங்களாக நறுக்கி அனுப்புகிறது. ஒரு பொட்டலம் தொலைந்தாலும், சற்றுத் தாமதமாக வந்தாலும் மனிதக் காது பொறுத்துக்கொள்ளும், மோடம் பொறுக்காது. சுருக்காமல் அனுப்பும் ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் சென்றால் ஓரளவு நம்பிக்கை உண்டு. ஜி.729 போன்ற சுருக்க முறையாக இருந்தால் எவ்வளவு முயன்றாலும் நடக்காது, ஏனெனில் அது மனிதக் குரலுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. பதிலளிக்கும் மோடம் முதலில் எழுப்பும் 2100 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்டதும் வழியிலுள்ள எதிரொலி நீக்கிகள் (பேசுபவரின் குரல் திரும்பிக் கேட்காமல் தடுப்பவை) ஒதுங்கிக்கொள்ள வேண்டும்; எல்லாப் பெட்டிகளும் அவ்வாறு ஒதுங்குவதில்லை.

ஆகவே வேகத்தை நொடிக்கு 14,400 பிட்டுக்கோ 9,600 பிட்டுக்கோ இறக்கி முயலுங்கள். 56கே என்ற எண்ணத்தையே விட்டுவிடலாம். அந்த வேகம் கிடைக்க ஒரு முனை தொலைபேசி நிலையத்தோடு நேரடி டிஜிட்டல் இணைப்பில் இருந்தாக வேண்டும். இரு முனையும் சாதாரண மோடமாக இருந்தால் உச்சம் 33,600தான்.

உறவினர் வீடு கட்டாயமில்லை என்றால் இரண்டு மோடங்களையும் ஒரே மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தொலைபேசித் துளைகள் கொண்ட வாய்ஸ் ஓவர் ஐபி அடாப்டர் (சாதாரணத் தொலைபேசியைக் கணினி வலையமைப்பில் இணைக்கும் பெட்டி) ஒன்று வாங்கி, ஒரு துளையிலிருந்து மற்றதை அழைக்கும்படி அமைத்தால், அழைப்பு வீட்டைவிட்டு வெளியே போகாது. என் அனுபவத்தில் இதுதான் தலைவலி குறைந்த வழி.

செம்புக்கம்பி:
முனையம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். லினக்ஸ் பக்கத்தில் அழைப்பை எடுக்க எம்கெட்டி என்ற நிரலும், அதன் பிறகு ஐபி முகவரி கொடுக்க பிபிபிடி என்ற நிரலும் போதும். விண்டோஸ் பக்கத்தில் டயல்-அப் இணைப்பின் சர்வர் வகையில் இணையத்துக்கான டிசிபி/ஐபி நெறிமுறையை மட்டும் வைத்துவிட்டு, நெட்பியூயி, ஐபிஎக்ஸ் என்ற பழைய வலையமைப்பு நெறிமுறைகள் இரண்டையும் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கடவுச்சொல்லைச் சரிபார்த்த பிறகும் வெகுநேரம் காக்க வைக்கும். 33,600 வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 4 கிலோபைட் வரும், அதாவது ஒரு மெகாபைட்டுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். பழைய உலாவியில் இன்றைய பாதுகாப்பு முறைகள் இல்லாததால் பெரும்பாலான தளங்கள் திறக்கமாட்டா. லினக்ஸ் கணினியிலேயே ஒரு சிறு வலைச் சேவையகத்தை நிறுவி, சில எளிய பக்கங்களை அதில் இட்டுச் சோதியுங்கள்.